வேப் கருவியை இணையத்தில் முன்பதிவு செய்யும் முன்

பிரிட்டனில் இன்னும் சந்தைக்கு வராத வேப் கருவிக்கு (மின்சிகரெட்டுக்கு) முன்பணம் கட்டுவதற்கு முன், அதன் மாடல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்எச்ஆர்ஏ வெளியிட்டுள்ள பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். திரவம் நிரப்பும் தொட்டி 2 மில்லிலிட்டருக்கும், நிகோடின் திரவம் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கும் மிகாமல் இருக்க வேண்டும் என்பதால், வெளிநாட்டு விளம்பரத்தில் மின்னும் பெரிய தொட்டி பிரிட்டனில் சட்டப்படி விற்கப்படுவதில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகைக்கு 2025 ஜூன் 1 முதல் தடை உள்ளது.

விலையைவிட, திரவத்தைச் சூடாக்கும் ‘காயில்’ பற்றி விசாரிப்பதே முக்கியம். சில நாட்களிலோ வாரங்களிலோ கருகிப்போகும் அந்தச் சிறு கம்பிச்சுருள் தனியாகக் கிடைக்காவிட்டால், புதுக் கருவி வெறும் உலோகத் துண்டுதான். சில கருவிகளுக்குத் தேவைப்படும் 18650 வகை உருளை பேட்டரி பெரும்பாலும் பெட்டியில் இருக்காது. உறை கிழிந்த பேட்டரியைத் தொடவே வேண்டாம்.

100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளைக் கடன் அட்டையில் வாங்கினால், கடை கைவிரித்தாலும் வங்கியிடம் பணத்தைக் கோரலாம். பொருள் கைக்கு வந்த பின்னும், பொதுவாக 14 நாட்களுக்குள் ஆர்டரை ரத்து செய்யலாம். திறந்த திரவக் குப்பியைப் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

ஊரிலுள்ள உறவினருக்கென்று வாங்காதீர்கள்: இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வேப் இறக்குமதியே குற்றம்.