ஐந்தரை மணிக்கு முன் போட்ட ரசீதுகள்

கடலூர் துறைமுகத்தில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்காக நான் பராமரிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலில், கடன் ரசீதின் தேதியோடு 15 நாள்களைக் கூட்டித் தவணை நாளைக் காட்டும் பகுதி, சில ரசீதுகளில் மட்டும் ஒரு நாளைக் குறைத்தே காட்டிக்கொண்டிருந்தது.

மாத இறுதியில்தான் கோளாறு என்று முதலில் எண்ணினேன். ஆனால் தேதியை மாற்றும் செட்டேட் (setDate) என்னும் செயற்கூறு, ஜனவரி 31-உடன் ஒன்றைக் கூட்டினால் பிப்ரவரி 1-க்குத் தானாகவே சென்றுவிடுகிறது. 2024-இன் பிப்ரவரி 29-உம் சரியாகவே வந்தது. பிறகு தரவுத்தளத்தைக் கிளறியதில் நாள்கள் வீணானதுதான் மிச்சம்.

பிழையான ரசீதுகளை அவை போடப்பட்ட நேரப்படி அடுக்கியபோதுதான் விஷயம் பிடிபட்டது: அவை அனைத்தும் நள்ளிரவுக்கும் காலை 5.30-க்கும் இடைப்பட்டவை. (விடியுமுன்பே வியாபாரம் தொடங்கும் இடமாதலால் இது வெளிப்பட்டது, பகலில் மட்டும் திறக்கும் கடையில் ஆண்டுக்கணக்கில் மறைந்தே கிடந்திருக்கும்.) கூட்டல் உள்ளூர் நேரத்தில் சரியாகவே நடக்கிறது, அதன்பின் விடையை எழுத்து வடிவத்துக்குக் கொண்டுவரும் டு-ஐஎஸ்ஓ-ஸ்டிரிங் (toISOString) செயற்கூறு, அதை இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்றும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துவிடுவதால், அதிகாலை 4 மணி என்பது முந்தைய நாள் இரவு 10.30 ஆகிவிடுகிறது.

அந்த வரியை நீக்கிவிட்டு, ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றை கெட்ஃபுல்இயர், கெட்மன்த், கெட்டேட் மூலம் தனித்தனியே எடுத்து இணைத்ததும் எல்லாம் சரியாயிற்று. மாத எண் 0-வில் தொடங்குவதால் அதனுடன் 1 கூட்ட வேண்டும். இந்த நிரல் கடைக் கணினியின் உலாவியில் ஓடுவதால் இதுவே போதும். பொது நேரத்தில் இயங்கும் சர்வரில் இதே வரிகள் பழைய பிழையையே தரும் என்பதால், அங்கே நேர வலயத்தை ஆசியா/கொல்கத்தா என்று குறித்தாக வேண்டும்.