முதல் இருக்கையில் ஏஸ் ஜோடி

லாஸ் வேகாஸின் 1–2 டாலர் ஹோல்டெம் போக்கர் மேசைகளில், பிக் பிளைண்டுக்கு (சீட்டைப் பார்க்கும் முன்பே 2 டாலரைக் கட்டாயமாக வைப்பவருக்கு) அடுத்த, முதலில் முடிவெடுக்கும் இருக்கையில் ஏஸ் ஜோடி கிடைத்தபோதெல்லாம், பின்னால் இருப்பவர் எவரேனும் பந்தயத்தை உயர்த்துவார், அப்போது மீண்டும் உயர்த்தி அவரைச் சிக்கவைக்கலாம் என்ற கணக்கில், நான் 2 டாலரை மட்டும் வைத்துக் காத்திருந்தேன். உயர்த்த அங்கே யாருக்கும் அவசரமில்லை. ஐந்தாறு பேர் மலிவாக உள்ளே நுழைந்தார்கள். ஏதோ ஒரு ஏழு–ஐந்து, ஃபிளாப்பில் (மேசையில் முதலில் விரிக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில்) இரண்டு ஜோடியாகி, என் பணத்தை அள்ளிச் சென்றது.

எந்தச் சீட்டையும் வைத்திருக்கக்கூடிய ஒருவரை எதிர்த்து ஏஸ் ஜோடி ஏறக்குறைய 85 விழுக்காடு வெல்லும்; நால்வரை எதிர்த்தால் அது 56 அளவுக்கு இறங்கிவிடும். இதை உணர்ந்த பிறகே 10 அல்லது 12 டாலருக்கு உயர்த்தத் தொடங்கினேன். எல்லோரும் விலகிவிடுவார்கள் என்ற அச்சம் வீணானது. ஒருவரோ இருவரோ பெரும்பாலும் தொடர்ந்து வந்தார்கள். தொகை மாறினால் கையிலுள்ள சீட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால், ஏஸ்–கிங்குக்கும் குயின் ஜோடிக்கும் அதே தொகையையே வைத்தேன். இன்னும் எட்டுப் பேர் முடிவெடுக்கவிருக்கும் அந்த இருக்கையில், வெவ்வேறு இனத்துக் கிங்–ஜாக்கை மடித்து விலகுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஒரு மணி நேரம் சும்மா அமர்ந்திருந்த கண்ணுக்கு அது அழகாகவே தெரிந்தது.