முதலைக்குத் துடுப்பு ஒட்டினால் கடல்முதலை ஆகாது

கொழிஞ்சாம்பாறையில் கொலு பொம்மை, பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு மாடல் என்று காகிதக் கூழில் செய்து கொடுப்பது என் வேலை. போன வருடம் அக்கா மகன் ஜுராசிக் காலத்துக் கடல்முதலை வேண்டும் என்றான். பறம்பிக்குளத்தில் பார்த்த முதலையை மனதில் வைத்து, கால்களை மட்டும் துடுப்பாக்கி அனுப்பிவிட்டேன். மார்க் போட வந்த மாஷ், "இது நம்ம முதலையல்லே?" என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான்.

ஜுராசிக் கடல்முதலைகளில் முழுக்கக் கடலுக்கே பழகிப்போன மெட்ரியோரிங்கஸ் வகையைச் செய்வதானால் முதுகில் ஆரம்பியுங்கள். நம் முதலைக்கு முதுகுத் தோலில் எலும்புத் தகடுகள் வரிசையாக இருக்கும், அதனால்தான் மேடுமேடாகத் தெரியும். இதற்கு அந்தக் கவசமே கிடையாது. புளியங்கொட்டை ஒட்டி முள் வைக்கும் பழைய வித்தையை மறந்துவிட்டு, கூழ் காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேயுங்கள்.

அப்புறம் வால். எல்லோரும் சொதப்புவது இங்கேதான். மூன்று முழ மாடல் என்றால், முதுகெலும்புக் கம்பியைக் கடைசி ஒரு சாணில் கீழ்நோக்கி வளைக்க வேண்டும். எலும்பு கீழ் மடலுக்குள் இறங்குகிறது. மேல் மடல் வெறும் சதை, அட்டை வெட்டி ஒட்டினால் போதும். மீன்கடையில் சுறா வாலைப் பாருங்கள், அதில் தண்டு மேல் மடலுக்குள் ஏறும். இது நேர் எதிர். இரண்டாம் தடவை நான் சுறாவைப் பார்த்துச் செய்து, காய்ந்த வாலை ரம்பத்தால் அறுக்க வேண்டியதாயிற்று.

முன்துடுப்பு சின்னது, பின்னது நீளம். நான்கையும் ஒரே அச்சில் எடுக்காதீர்கள்.

கண்ணை உச்சியில் வைக்கக் கூடாது. பெரிதாக, பக்கவாட்டில் இருக்கட்டும். அதன்மேல் ஓர் எலும்பு ஜன்னல் சன்ஷேடு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சரியாக வைத்தால் பாதி முகம் வந்துவிடும். மூக்குத்துளை மூஞ்சி நுனியிலேயே; திமிங்கிலம் மாதிரித் தலைக்கு ஏற்றிவிடாதீர்கள். ஆர்ஜென்டினாவில் கிடைத்த சில மண்டையோடுகளில், கண்ணுக்கு முன்னால் இருந்த உப்புச் சுரப்பியின் வடிவமே கல்லாகப் பதிந்திருக்கிறது. உடம்பில் சேரும் அதிக உப்பை வெளியே தள்ளும் உறுப்பு அது. மாடலில் காட்ட முடியாது, சார்ட்டில் வரையச் சொல்லுங்கள்.

பையன்களுக்குப் பிடித்தது டாகோசாரஸ். இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவற்றுக்கு மூஞ்சி ஒடுங்கி நீண்டிருக்கும். ஆனால் 2005இல் வெளியான ஆர்ஜென்டினா டாகோசாரஸ் மண்டையோடு குட்டையாக, உயரமாக இருந்தது. பல் ஓரத்தில் ரம்பம்போல் நுண்பற்கள். 'காட்ஸில்லா' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பல்லுக்குத் தேங்காய்ச் சிரட்டைத் துண்டை அரத்தால் ராவினால் நன்றாக வரும்.

ஏற்கெனவே முதுகில் தகடெல்லாம் ஒட்டி முடித்துவிட்டீர்களா? தூக்கி எறிய வேண்டாம். வயிற்றுப் பக்கமும் தகடு ஒட்டி, மூஞ்சியைக் கங்கையின் கரியல் முதலைபோல் நீட்டி, கண்ணை மேலே பார்க்க வைத்து, வாலை நேராக விட்டுவிடுங்கள். முன்கால்களை மட்டும் கொஞ்சம் குறுக்கினால் அது டெலியோசாரஸ். அதுவும் ஜுராசிக் கடலில் இருந்த உறவுதான்.