சிக்னலில் வண்டி எண்ணும் கைக்கருவி: பயன்படுத்துவதும் பழுது பார்ப்பதும்

பெங்களூருவின் பெரிய சிக்னல் எதிலும் பச்சை விழுந்த முதல் சில நொடிகளில் டூ வீலர்கள் கொத்தாகப் பாய்ந்துவிடும். காரும் பஸ்ஸும் பின்னால்தான் வரும். எண்ணிக்கையில் விட்டுப்போவது பெரும்பாலும் அந்தக் கொத்துதான். அதனால் எந்தக் கருவியானாலும் டூ வீலரை ஒருவரிடம் தனியாகக் கொடுத்துவிட்டு, மீதி வகைகளை இன்னொருவருக்கு ஒதுக்குங்கள்.

கருவியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கட்டைவிரலால் அழுத்தும் நாலு இலக்க டேலி கவுண்டர். வகைக்கு ஒன்றாக நாலைந்தை ஒரு பலகையில் திருகி வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று மின்னணுப் பலகை. நாலு சாலைக்கும் இடப்பக்கம் திரும்புவது, நேரே போவது, வலப்பக்கம் திரும்புவது என்று 12 பொத்தான், பாதசாரிக்கு நாலு, ஆக 16 என்பது வழக்கமான அமைப்பு. யூ டர்னுக்குத் தனிப் பொத்தான் இல்லாவிட்டால் பாதசாரிப் பொத்தானில் ஒன்றை அதற்கு ஒதுக்கி, மேலே டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். நம்மூரில் யூ டர்னை வலப்பக்கத்தோடு சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும்.

வகை பிரிப்பதில் சோம்பல் கூடாது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 106ஆம் நெறிமுறையில் (1990) கார் ஒன்றுக்கு 1 பி.சி.யூ. (ஒரு வண்டி எத்தனை காருக்குச் சமம் என்ற அளவு). ஆட்டோ மொத்த வண்டிகளில் 5 சதவீதமாக இருந்தால் 1.2, 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 2.0. டூ வீலருக்கு அதே முறையில் 0.5, 0.75. ஆட்டோ நிறைந்த சாலையில் ஆட்டோவைக் கார் பொத்தானில் தட்டினால் அதன் மதிப்பு பாதியாகிவிடும். டாடா ஏஸை ஒருவர் குட்டி யானை என்பார், இன்னொருவர் சோட்டா ஹாத்தி என்பார், மூன்றாமவர் டெம்போ என்று வேறெதையோ நினைத்துக்கொள்வார். எது எந்தப் பொத்தான் என்பதைப் படிவத்தின் தலையிலேயே எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள்.

டேலி கவுண்டரில் அடிக்கடி நடக்கும் தப்பு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பூஜ்யமாக்குவது. பக்கத்துத் திருகைச் சுற்றும் நேரத்தில் பத்து வண்டி போய்விடும். சுற்றவே வேண்டாம். ஓடும் எண்ணை அப்படியே எழுதி, பிறகு கழித்துக்கொள்ளுங்கள். 8 மணிக்கு 0417, 8:15க்கு 0683 என்றால் அந்தக் கால் மணி நேரத்தில் 266. எண் 9999ஐத் தாண்டிப் பூஜ்யத்துக்கு வந்திருந்தால் 10000 கூட்டுங்கள்: 9987க்குப் பிறகு 0214 என்றால் 10214இலிருந்து 9987 போக 227. இலக்கச் சக்கரம் இரண்டு எண்ணுக்கு நடுவே நிற்பது போலத் தெரிந்தால் விசை முழுதும் மேலே வரவில்லை என்று அர்த்தம். விரலை எடுத்துவிட்டுப் படியுங்கள்.

மின்னணுப் பலகையில் தொடங்குமுன் பார்க்க வேண்டியது நாலு. கடிகாரத்தைக் கைபேசி நேரத்தோடு ஒத்துப் பாருங்கள். பதிவு இடைவெளி 15 நிமிடமா என்று பாருங்கள். வடக்கு எந்தப் பக்கம் என்று உறுதி செய்யுங்கள். நாலாவதுதான் பலரைக் கவிழ்ப்பது: வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்காகச் செய்த பலகையில், வடக்கிலிருந்து வரும் வண்டிகள் வரைபடத்தின் மேல் இடப்புறம் இருக்கும், நமக்கோ அவை மேல் வலப்புறம். படத்தை நம்பாமல் ஒவ்வொரு பொத்தானுக்கும் சாலைப் பெயரை ஒட்டுங்கள். லாரி, பஸ் வகைப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டுமா, ஒருமுறை தட்டினால் போதுமா என்பது கருவிக்குக் கருவி மாறும். பத்துத் தட்டு தட்டிப் பார்த்து, அந்தச் சோதனைப் பதிவை அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

நிற்குமிடம் நிறுத்தக் கோட்டைப் பார்த்தபடி இருக்கட்டும். சில்க் போர்டு போல மேம்பாலமும் மெட்ரோ தூணும் கூடிய இடத்தில் ஒரே ஆளுக்கு நாலு பக்கமும் தெரியாது. தூணுக்கு இரு புறமும் ஆள் வேண்டும். கோட்டைத் தாண்டும்போது மட்டும் தட்டுங்கள். ஜாம் ஆகி நிற்கும் வண்டி கணக்கில் வராது. எனவே சிவப்பு விழும்போது வரிசை எதுவரை நீண்டது என்பதைத் தனியாகக் குறியுங்கள். இல்லாவிட்டால் அடைபட்ட சாலை காலியான சாலை போலத் தெரியும்!

இனிக் கோளாறுகள். டேலி ஒரே அழுத்தில் இரண்டு தாவினாலோ அழுத்தியும் நகராவிட்டாலோ உள்ளே தூசியோ துருவோ சேர்ந்திருக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரே துளி போதும். அதிகமானால் தூசி இன்னும் ஒட்டும். அப்படியும் சரியாகவில்லையென்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள், பழுதுபார்க்கும் விலையில் அது இல்லை.

பலகையில் ஒரு பொத்தான் மட்டும் வேலை செய்யாமல் மற்றவை சரியாக இருந்தால் ரப்பருக்கு அடியில் மின்சாரத்தைக் கடத்தும் கரித்திட்டில் வியர்வையும் அழுக்கும் படிந்திருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெல்லத் துடையுங்கள். அழுத்தித் தேய்த்தால் கரியே போய்விடும். எல்லாப் பொத்தானும் செத்திருந்தால் முதலில் பேட்டரியைச் சந்தேகியுங்கள். சார்ஜ் செய்யும் நிக்கல் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட், அல்கலைனுக்கு 1.5, நாலு செல் போட்டால் 6க்குப் பதில் 4.8தான் கிடைக்கும். அதனால் சில கருவிகள் முழு சார்ஜிலேயே பேட்டரி குறைவு என்று கத்தும். அல்கலைன் கசிந்து வெள்ளைப் பூப் பூத்திருந்தால் கையுறை போட்டு, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். முனைக் கம்பி அரித்துப் போயிருந்தால் பெங்களூருவின் மின்னணுக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் மாற்றுக் கம்பி தேடலாம். வேலை இல்லாத நாட்களில் செல்லைக் கழற்றி வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

வெயிலில் திரை முழுக்கக் கறுத்தால் பயப்பட வேண்டாம். எல்.சி.டி. சூடேறினால் அப்படித்தான் ஆகும். நிழலில் வைத்தால் திரும்பிவிடும், அதுவரை காகிதத்தில் கோடு போட்டு எண்ணுங்கள். ஏப்ரல், மே மாலை மழைக்கு ஜிப் பையில் போட்டு, பைக்கு மேலேயே அழுத்தலாம்.

கணினியில் பதிவு இறங்கவில்லையா? பழைய பலகைகளில் ஒன்பது முள் சீரியல் வயர் வரும். யூ.எஸ்.பி. மாற்றி போட்டால் அதன் டிரைவர், போர்ட் எண், வேகம் மூன்றும் மென்பொருளில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். தரவு இறங்கி, திறந்து பார்த்து, இரண்டு இடத்தில் சேமிக்கும்வரை கருவியை அழிக்காதீர்கள், பேட்டரியையும் மாற்றாதீர்கள்.

கடிகாரம் 15 நிமிடம் தள்ளி ஓடியிருந்தால் தொடக்க நேரத்தைத் திருத்தினால் போதும். 7 நிமிடம் என்றால் சிக்கல்: கருவி மொத்தத்தை மட்டும் சேமித்திருந்தால் கால் மணி நேரங்களை மறுபடி வெட்ட முடியாது, ஒவ்வொரு தட்டின் நேரமும் பதிவாகியிருந்தால் முடியும். அதனால்தான் ஒரு கால் மணி நேரத்தையாவது கைபேசியில் படம்பிடித்து வைக்கச் சொல்வது. அதை மெதுவாக ஓட்டி எண்ணிப் பார்த்து, நூற்றுக்கு ஐந்துக்கு மேல் விலகினால் எந்த வகையில் விலகுகிறது என்று பாருங்கள். டூ வீலரில் மட்டும் குறைந்தால் ஆள் போதவில்லை. ஒரு திசை கூடி எதிர்த்திசை அதே அளவு குறைந்தால் பொத்தான் மாறியிருக்கிறது.