பழைய மீன்பிடி ரீலைப் பிரித்துத் துடைத்துத் திரும்பப் பூட்டுவது எப்படி?

பரணில் கிடக்கும் பழைய ஸ்பின்னிங் ரீலின் கைப்பிடியைச் சுற்றினால் கரகரவென்கிறதா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் உள்ளே எதுவும் உடைந்திருக்காது. கிரீஸ் மெழுகுபோல இறுகி, அதில் மணலும் உப்பும் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஸ்க்ரூவின் தலையில் சரியாக உட்காரும் திருப்புளிகள், பழைய பல் துலக்கும் பிரஷ், மண்ணெண்ணெய், ரீலுக்கான கிரீஸ், மெல்லிய எண்ணெய், ஒரு வெள்ளைத் துணி ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துணி வெள்ளையாகவே இருக்கட்டும். ஏன் என்று அப்புறம் தெரியும்.

1. வெளியே இருப்பவை

ரீலை நல்ல தண்ணீரில் கழுவி உலரவிடுங்கள். முன்னால் இருக்கும் டிராக் குமிழைக் (மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கமாக ஓட வேண்டும் என்று வைக்கும் திருகு) கழற்றினால், தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் கையோடு வந்துவிடும். அடுத்து கைப்பிடி. சில ரீல்களில் இதன் மரை எதிர்த்திசையில் இருக்கும். அசையவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் மறுபக்கம் திருகிப் பாருங்கள். துருப்பிடித்த ஸ்க்ரூவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். தலை மழுங்கிவிட்டால் அதைக் கழற்றுவது பெரும்பாடு.

2. பக்க மூடி

திறப்பதற்கு முன்னும், ஒவ்வொரு பாகத்தை எடுக்கும்போதும் போனில் ஒரு படம் எடுங்கள். எடுத்ததை எடுத்த வரிசையிலேயே துணியில் அடுக்குங்கள்.

பெரிய கியரை வெளியே எடுக்கும்போது நிதானம் வேண்டும். அதன் தண்டிலோ பேரிங்கின் முதுகிலோ காகிதம் போல மெல்லிய வாஷர் ஒன்று கிரீஸில் ஒட்டியிருக்கலாம். நான் முதன்முதலில் பிரித்த ரீலில் அது இருப்பதே தெரியாமல் கிரீஸோடு சேர்த்துத் துடைத்து எறிந்துவிட்டேன். பூட்டியபின் கைப்பிடி லொடலொடவென்று ஆடியது. கியர் பற்கள் சரியான ஆழத்தில் கடிப்பதே அந்த வாஷரால்தான். வெள்ளைத் துணியில் அது பளிச்சென்று தெரியும்.

கைப்பிடியைச் சுற்றினால் ஸ்பூலைச் சுற்றிச் சுழலும் பாகம்தான் ரோட்டார். முதல் தடவை அதைக் கழற்ற வேண்டாம். பல ரீல்களில் அதன் அடியில் கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் பிடிக்கும் ஒருவழி பேரிங் இருக்கும். அதற்குள் கிரீஸ் போனால் உருளைகள் வழுக்கி, பிடி விட்டுப்போகும்.

3. சுத்தம்

உலோகப் பாகங்களை மட்டும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் பல்லாகத் தேயுங்கள். அடுப்போ நெருப்போ பக்கத்தில் இருக்கக்கூடாது. பிறகு சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாக உலர்த்துங்கள். ரீலின் கூட்டுக்குள் மண்ணெண்ணெயை ஊற்றாதீர்கள். அழுக்கு ஒருவழி பேரிங்குக்குள் இறங்கிவிடும். கூட்டைத் துணியால் துடைத்தாலே போதும்.

பேரிங்கை விரல்களில் பிடித்துச் சுழற்றுங்கள். காய்ந்தபிறகும் கரகரத்தால் அதே அளவில் புதியது போடுங்கள்.

4. பூட்டுதல்

கியர் பற்களில் மெல்லிய பூச்சாகக் கிரீஸ். பேரிங்குகளுக்கும், நரம்பு ஓடும் சின்ன உருளைக்கும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய். கிரீஸை அள்ளி அப்பினால் சுற்றுவதே கனத்துப்போகும்.

போனில் உள்ள படங்களைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே பூட்டுங்கள். மூடியின் ஸ்க்ரூக்களை ஒன்றை முழுதாக முறுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். நடுநடுவே கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். எந்த ஸ்க்ரூவை இறுக்கும்போது சுற்று இறுகுகிறதோ, அங்கே நிறுத்தி மூடியைத் திறந்து வாஷர் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் சரி என்றால் ஸ்பூலை மாட்டுங்கள். ரீலை எடுத்து வைக்கும்போது டிராக் குமிழைத் தளர்த்தியே வையுங்கள். இறுக்கி வைத்தால் உள்ளிருக்கும் வாஷர்கள் நசுங்கி, மீன் இழுக்கும்போது நரம்பு விட்டு விட்டு ஓடும்.