சங்ககிரியிலிருந்து கனடாவுக்கு: லாரியை வாங்கலாமா, லீஸில் எடுக்கலாமா?

கனடாவில் லாரி ஓட்டுகிறேன், விடுமுறைக்கு ஊருக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் சங்ககிரியில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "ஏனுங்கண்ணா, கனடா போனா லீஸ்ல வண்டி தர்றாங்களாமா, முன்பணமே வேண்டாங்களாமா. எடுத்துக்கலாங்களா?" மூவருமே கைதேர்ந்த டிரைவர்கள். அடுத்த மாதம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கும் பிராம்டனில் இறங்கப்போகிறவர்களுக்கும், இறங்கி ஆறு மாதம் ஆனவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

'லீஸ்' என்றதும் நம் மனதில் வருவது வீடு. சேலத்தில் லீசுக்கு வீடு எடுத்தால் மொத்தமாகச் சில லட்சம் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருப்போம். காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே கைக்கு வரும். கனடாவில் டிரக் லீஸ் என்பது வாடகை. கட்டியது திரும்பாது.

அடுத்தது டியூ வண்டி. இங்கே பைனான்ஸில் லாரி எடுத்தால் ஆர்.சி. புக்கில் ஓனர் பெயர் நம்முடையது. கடன் கொடுத்தவர் பெயர் ஹெச்.பி. (வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பு) என்று கூடவே ஏறும். கடைசி டியூ கட்டி, என்.ஓ.சி.யும் 35ஆம் நம்பர் படிவமும் வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்தால் அந்தப் பெயர் நீங்கிவிடும். முடியாமல் போனால், பைனான்ஸ்காரரிடம் பேசி நடுவிலேயே வண்டியை விற்றுக் கடனை அடைக்கவும் வழி உண்டு. கனடாவில் லோடு கொடுக்கும் டிரக் கம்பெனிகளே தரும் 'லீஸ் டு ஓன்' (தவணை கட்டி முடித்தால் வண்டி சொந்தம்) திட்டத்தை நம் ஆட்கள் இதே டியூ என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதில் எல்லாத் தவணையும் கட்டி, கடைசியில் கேட்கும் பெருந்தொகையையும் கொடுக்கும்வரை வண்டி அவர்களுடையது. விற்க நமக்கு உரிமை கிடையாது.

நானும் அப்படித்தான் போட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கணக்குத் தாள் வரும். மேலே ஓட்டிய மைலுக்கான பணம். கீழே வரிசையாகக் கழிவு: லீஸ் தவணை, இன்சூரன்ஸ், டீசல், நம்பர் பிளேட், மணிக்கணக்கைப் பதியும் இ.எல்.டி. கருவிக்கு வாடகை, ரிப்பேர் கணக்குக்கு மைலுக்கு இத்தனை சென்ட். ஒரு ஜனவரியில் ஒன்டாரியோவின் தண்டர் பே ஊர்ப் பக்கம் புகை வடிகட்டி அடைத்து இன்ஜின் வேகம் குறைந்து நின்றுவிட்டது. வண்டி ஒன்பது நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அந்த வாரத் தாளின் கடைசி வரியில் மைனஸ் போட்டிருந்தது. நான்தான் கம்பெனிக்குக் கடன். ஏன் என்று கேட்டேன். அடுத்த வாரமே லோடு குறைந்தது. வண்டி கொடுப்பவரும் லோடு கொடுப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் பேரம் பேச நமக்கு இடமே இல்லை. பதினான்காம் மாதம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ரிப்பேர் கணக்கில் சேர்ந்திருந்த பணம் வரவே இல்லை.

இது என் ஒருவன் அனுபவம் மட்டும் அல்ல. அமெரிக்க அரசு அமைத்த டிரக் லீஸ் ஆய்வுக் குழு, 2025 ஜனவரியில் கொடுத்த அறிக்கையில் இந்த மாதிரி லீஸ் திட்டங்களையே தடை செய்யச் சொன்னது.

கையெழுத்துக்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். வாரம் 900 டாலர், மூன்று வருடம் என்று வைத்துக்கொள்வோம். 156 வாரத்துக்கு 1,40,400 டாலர். கடைசித் தொகையையும் கூட்டி, அதே வருட மாடல் வெளியில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

லீஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. லோடு கொடுக்கும் கம்பெனியோடு சம்பந்தமில்லாத லீஸ் நிறுவனம், ரிப்பேரும் டயரும் அவர்கள் பொறுப்பு, உங்கள் கையில் ஒரு வருட ஒப்பந்த வேலை என்று மூன்றும் கூடி வந்தால் லீஸ் நல்லதே. கிலோமீட்டர் வரம்பையும், திருப்பிக் கொடுக்கும்போது கீறலுக்கும் தேய்மானத்துக்கும் என்ன பிடிப்பார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குவதானால், பழைய வண்டி பார்க்கும் நம் ஊர்க் கண் பாதிதான் உதவும். இங்கே நாமக்கல்லில் கட்டிய பாடியா என்று கேட்போம். அங்கே டிரெய்லர் தனி, முன்வண்டி தனி. குளிர்காலத்தில் சாலையெல்லாம் உப்பு கொட்டுவார்கள், அதனால் அடியில் படுத்து சேஸிஸிலும் பிரேக் குழாயிலும் துரு பாருங்கள். விடிகாலையில் போய், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நாம் போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். புகை வடிகட்டி எத்தனை முறை தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்திருக்கிறது என்பது இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும். தெரிந்த மெக்கானிக்குக் காசு கொடுத்தாவது அதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, பழைய ஓனரின் கடன் வண்டியோடு சேர்ந்து உங்கள் தலையில் விழலாம். ஒன்டாரியோ அரசின் கடன் பதிவேட்டில் வின் நம்பரை (நம் சேஸிஸ் நம்பர் மாதிரி) போட்டுத் தேடினால் தெரிந்துவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன் தேடுங்கள்.

வரி விஷயம் சுருக்கமாக. லீஸ் தவணையைச் செலவாகக் காட்டலாம். சரக்கு ஏற்றும் பெரிய டிரக்கை வாங்கினால் மீதமுள்ள மதிப்பில் வருடம் 40% தேய்மானம் உண்டு. ஒன்டாரியோவில் லீஸுக்கும், டீலரிடம் வாங்குவதற்கும் 13% ஹெச்.எஸ்.டி. (நம் ஜி.எஸ்.டி. மாதிரியான வரி) வரும், அந்த வரிக்குப் பதிவு செய்திருந்தால் திரும்பக் கேட்கலாம். வாங்கும்போது அந்த 13% மொத்தமாகக் கையிலிருந்து போய், பிறகுதான் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரே முதலாளியின் பெயரில் ஒர்க் பர்மிட் வைத்திருப்பவர்கள் இரண்டையும் நினைக்கவே கூடாது. அந்த பர்மிட்டில் சொந்தத் தொழில் செய்ய அனுமதி இல்லை. மற்றவர்களும் முதல் வருடம் சம்பளத்துக்கு ஓட்டுங்கள். நம் ஊர் ஹெவி லைசென்ஸ் இருந்தாலும் அங்கே டிரெய்லர் இழுக்கும் பெரிய டிரக்குக்கான ஏ.இஸட். லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். 2017 ஜூலையிலிருந்து அதற்குக் குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். புதிதாக வந்தவருக்கு கிரெடிட் ஸ்கோர் கிடையாது, அதனால்தான் முன்பணம் கேட்காத லீஸ் கண்ணை இழுக்கிறது. ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, டீசலுக்கும் மளிகைக்கும் தேய்த்து, மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவந்தால் வங்கிக்காரர் உட்காரவைத்துப் பேசுவார்.

ஒப்பந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கக் கேளுங்கள். நான் கையெழுத்துப் போட்ட இடத்தில் அது பதினொரு பக்கம். லோடு பிரித்துக் கொடுக்கும் டிஸ்பேட்ச் மேசையில் நின்றபடியே போட்டேன்.