'லுக் ஃபார்வர்ட் டு' எழுதும்போது: மீட் அல்ல, மீட்டிங்

மின்னஞ்சலின் கடைசி வரியில் பலர் சறுக்குவது இங்கேதான்: 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ'. காதுக்குச் சரியாகவே படும். ஆனால் எழுத வேண்டியது 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ'.

'டு' வந்தாலே அடுத்து வெறும் வினைச்சொல்லைப் போடக் கை பழகிவிட்டது: 'வான்ட் டு கோ', 'ஹோப் டு சீ'. அங்கெல்லாம் 'டு' செய்வது, 'போக', 'பார்க்க' என்பதில் நம் எச்சம் செய்யும் வேலையை. போதாக்குறைக்கு, 'உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்' என்று மனதில் ஓடும் தமிழும் அந்தப் பக்கமே இழுக்கும். 'லுக் ஃபார்வர்ட் டு'வில் இருக்கும் 'டு' வேறு ஆள். நம் வேற்றுமை உருபைப் போல அதற்குப் பெயர்ச்சொல் வேண்டும். மனதில் ஓடுவதை 'சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். 'சந்திப்பது' தொழிற்பெயர், ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு உரியது 'மீட்டிங்'.

சந்தேகம் வந்தால் 'டு'வுக்குப் பிறகு 'இட்' போட்டுப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' நிற்கிறது. 'ஐ வான்ட் டு இட்' நொண்டுகிறது. நின்றால் வினையோடு ஐஎன்ஜி சேருங்கள். இதே சோதனை 'யூஸ்டு டு' குழப்பத்தையும் தீர்க்கும். 'ஐ யூஸ்டு டு டிராவல்' என்றால் முன்பு பயணம் செய்துகொண்டிருந்தேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்டு டு டிராவலிங்' என்றால் பயணம் எனக்குப் பழகிப்போன ஒன்று.

'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்பதில் ஐஎன்ஜி இரண்டு முறை வருகிறதே என்று ஒன்றை வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள், இரண்டும் தேவை. 'ஐ லுக்' அலுவல் கடிதத்துக்கு, 'ஐ ஆம் லுக்கிங்' கொஞ்சம் நெருக்கமானவர்களுக்கு. இரண்டையும் கலந்து 'ஐ ஆம் லுக் ஃபார்வர்ட்' என்று எழுதுவதுதான் பிழை. 'டு'வுக்குப் பதில் 'ஃபார்' போடுவதும் பிழையே.

பெயர்ச்சொல் கையில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை: 'லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை'. பதில் எதிர்பார்க்கும்போது வினையாக எழுதினால் 'ஹியரிங் ஃப்ரம் யூ' என்று எழுதுங்கள். 'ஃப்ரம்' விட்டுப்போனால் அவர் குரலைக் காதால் கேட்க ஆவல் என்றாகிவிடும். பாடகருக்கு எழுதினால் பொருந்தும். முதன்முறை சந்திக்கப்போகிறவருக்கு 'மீட்டிங் யூ', ஏற்கெனவே அறிமுகமானவருக்கு 'சீயிங் யூ'.

எல்லாக் கடிதத்துக்கும் இந்த வரி ஒத்துவராது. இரங்கல் கடிதத்தில் வேண்டவே வேண்டாம். முடிவே எடுக்காதவருக்கு 'லுக் ஃபார்வர்ட் டு யுவர் அப்ரூவல்' என்று எழுதினால், கேட்கும் முன்பே ஒப்புதலை வாங்கிக்கொண்டது போலிருக்கும். அங்கே 'யுவர் டிசிஷன்' போதும்.

அனுப்பும் முன் 'ஃபார்வர்ட்' எழுத்துகளையும் பாருங்கள். நடுவில் ஓர் 'இ' சேர்ந்து, கடைசியில் 'சொல்' என்று பொருள்படும் 'வேர்ட்' வந்துவிட்டால் அது நூலின் முன்னுரையைக் குறிக்கும் வேறு சொல். அதுவும் அகராதியில் உள்ள சொல்தான் என்பதால், எழுத்துப்பிழை திருத்தி கண்டுகொள்ளாமல் விட்டுவிடக்கூடும்.